உமிக்களத்தில் சனிக்கிழமை

பள்ளத்தூர் அஞ்சலகத்தில்
பதினேழு வருடம் முத்திரை குத்திய கை இது.
மைப்பஞ்சில் ஒரு அடி, தாளில் ஒரு அடி.
"உங்க கை சத்தமா பேசுதுக்கா" என்றாள் நிலோஃபர்
முதல் சனிக்கிழமையே.
நான் வாயே திறக்கவில்லை.
பயத்தில் திறக்க வரவில்லை என்பதுதான் நிஜம்.

புதுவயலில், மூடிக் கிடந்த ஒரு ரைஸ்மில்லின் களம்.
உமி கொட்டிப் பரப்பியிருக்கிறாள், விழுகிறவர்களுக்காக.
பக்கத்து மில்லில் நெல் அவிக்கும் வாசம்
சேணத்தின் தோல்வரை ஏறியிருக்கும்.
வீட்டில் யோகா என்று சொல்லிவிட்டு வருவேன்.
மூன்றாம் வாரம் விழுந்து முழங்கை சிராய்த்தபோது
அதென்ன ஆசனம் என்று கேட்டார் அவர்.

குதிரையின் பெயர் வசம்பு.
செம்பழுப்பு. நெற்றியில்
யாரோ சுண்ணாம்பு விரலைத் துடைத்த மாதிரி ஒரு வெள்ளை.
மதுரைப் பக்கம் ஆறு வருடம்
மாப்பிள்ளைகளைச் சுமந்தவள்.
ஆட வேண்டிய இடத்தில் ஆடுவதற்காக
முள்வைத்த கடிவாளம் போட்டிருந்தார்களாம்.
வாயின் ஓரத்தில், இரண்டு பக்கமும், தழும்பு.
தொட்டுப் பாருங்க என்றாள் நிலோஃபர்.
தொட்டேன்.
பசை காய்ந்த உறையின் விளிம்புபோல் தடித்து, கரடாக.
என் கை யார் காதில் சத்தம் போட்டது என்று
அப்போதுதான் தெரிந்தது.

என் வயதில் பாதிதான் அவளுக்கு.
களத்தின் நடுவில் நின்றபடி சொல்வாள்:
"மூச்சை வெளிய விடுங்க, அதான் பிரேக்."
"தரையப் பாக்காதீங்க. பாத்த எடத்துக்குத்தான் போவீங்க."
"குதிகால் கீழ. கீழ. அக்கா, அது மேல."

ஐந்தாம் வாரம் கடிவாள வாரைக் கழற்றிவிட்டு
வளையத்தில் தையல் நூலால் முடிந்து தந்தாள்.
இழுத்தால் அறுந்துவிடும்.
அறுந்தது. நாலு தடவை.
நாலு தடவையும் வசம்பு தலையை உதறினாள்,
அறுத்தது தான்தானோ என்று சந்தேகப்பட்டவள்போல.
அடுத்த வாரம் நானே நூல் கொண்டுபோனேன்.
பார்சல் கட்டும் சணல் அல்ல,
அதைவிட மெல்லியது, சட்டைப் பொத்தானுக்கானது.

அவளுக்கும் ஒரு பயம் உண்டு:
களத்தின் மூலையில் நிற்கும் நீல டிரம்.
மழைத்தண்ணீர் பிடிக்க வைத்தது, ஒன்றும் செய்யாது.
என்னிடமும் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்,
குதிரை ஒன்றும் செய்யாது என்று.

அன்று டிரம்முக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டாள்.
எனக்குக் கீழே அத்தனை உடம்பும் கல்லாகியது.
நிலோஃபர் எதுவும் சொல்லவில்லை.
சொல்லுவாள் என்று காத்திருந்தேன், சொல்லவேயில்லை.
உதைக்கலாம். இழுக்கலாம். இறங்கி யோகாவுக்கே போய்விடலாம்.
மூச்சை வெளியே விட்டேன்.
இன்னொன்று.
மில்லில் சங்கு ஊதி, ஆட்கள் சாப்பிடப் போனார்கள்.
வசம்பின் ஒரு காது டிரம்மைப் பார்த்தபடி இருக்க
மற்றது மெதுவாகத் திரும்பியது, பின்னால், என்னிடம்.
"நானும்தான்டி" என்றேன்.
வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

தும்மினாள். என் தொடைவரை அதிர்ந்தது.
பிறகு ஒரு கால். பிறகு, யோசித்து, இன்னொரு கால்.
டிரம்மைக் கடக்கையில் இருவரும் அதைப் பார்க்கவில்லை.
நூல் கையிலேயே இருந்தது, முழுசாக.

அதற்கடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் மறுபடி நின்றாள்.
நின்றோம்.

திங்கட்கிழமை கவுன்டரில் ஒருவர்
ரசீதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து,
"என்னம்மா, தேதியே விழலையே" என்றார்.
மன்னிப்புக் கேட்டு வாங்கி
இன்னொரு முறை குத்தினேன்,
கொஞ்சம் சத்தமாக.