கைநாட்டு

கண்ணாடிக் கூடத்தில் நுரை ததும்பும் காபி தந்தார்கள்,
கூடவே ஒரு மதிப்பீட்டுத் தாள்.
சஸ்பென்ஷன், இரண்டு சென்சார், இதர செலவு.
என் பத்தொன்பது வயது ஜாகுவாரை
விற்றாலும் அந்தத் தொகை தேறாது.
"வண்டிக்கு வயசாயிடுச்சு, மிஸ்டர் கெல்சோ."

கிளாஸ்கோ மழை.
ரயில் பாலத்து வளைவுக்கடியில் ஷிவ்கோவின் பட்டறை.
இங்கே டீதான்; குவளையை நாமே கழுவிக்கொள்ள வேண்டும்.
பெய்ஸ்லி ரயில் தலைக்குமேல் போகும்போதெல்லாம்
வாயை மூடிக்கொண்டு,
விட்ட எழுத்திலிருந்து தொடர்வான்:
"ஒரு புஷ்
.
.
தான் போயிருக்கு. சென்சார் ரெண்டும் நல்லாருக்கு."

வண்டிக்கடியிலிருந்து பலகை உருண்டு வந்தது.
மல்லாந்து கிடந்தவனை எனக்குத் தெரியும்.
நேற்று மாலைவரை
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சாம்பல் சீருடையில்.
"சனிக்கிழமை மட்டும்" என்றான்.
"அங்கே சொல்லிடாதீங்க."

அதே கை.
ஸ்பானரும் அதேதானோ என்னவோ, கேட்கவில்லை.

சர்வீஸ் புத்தகத்தில் பதினோரு நீல முத்திரைகள்,
அடுத்த கட்டம் காலி.
காலியாக விட்டால் விலை இறங்குமாம்.
ஷிவ்கோவிடம் முத்திரை கிடையாது.
தேதியும் மைலும் எழுதினான்.
பக்கத்தைப் பிடித்திருந்த கட்டைவிரல்
கறுப்பு எண்ணெயில் ஒரு கைநாட்டு வைத்தது.

பதறிப்போய்த் துணியை எடுத்தான்.
புத்தகத்தை மூடிவிட்டேன்.