காரணம்: வேறு

உலான்பாத்தரில் இரவு பதினொன்று.
ஆகனில் கெடு முடிய ஒரு மணி நேரம்.

அங்கே கட்டணம் இல்லை;
வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகைதான்
அண்ணன் கன்சோரிக் ஓட்டும் லாரியின் விலை.
எட்மன்டனில் பாதி உதவித்தொகை,
உறைமண்ணில் பாலம் நிறுத்தும் பேராசிரியர்.
என் நீண்ட மடலுக்கு அவர் போட்ட பதில்:
குளிர் பழக்கம்தானே?

தரவரிசையை மூடிவிட்டு
அடுப்புக்குள் கரி தள்ளினேன்.

மூன்று நிமிடம் இருக்கையில்
ஆகனை வேண்டாம் என்று அழுத்தினேன்.
உடனே ஒரு பெட்டி கேட்டது, ஏன்?
பணம். தூரம். குடும்பம். வேறு.
வேறு என்றேன்.
இருநூறு எழுத்துக்கு இடம் விட்டது.

லாரி
என்று தட்டினேன். அழித்தேன்.

வெளியே இன்ஜினைச் சூடேற்றிக்கொண்டிருந்தான்,
கண்ணாடிப் பனியைச் சுரண்டியபடி,
எதுவும் கேட்காமல்.