ஏதாவதொரு பொத்தான்

பிரித்த அட்டைப்பெட்டிகளின் மேல்
கோணி விரித்து உட்கார்ந்திருந்தோம்
லூர்துவும் நானும்.
ஆறடிக்கு எட்டடி கடை.
தள்ளி எடுத்த சீட்டுப் பணம்,
ரிச்சி தெருவில் பகல் முழுக்கப் பேரம்,
செகண்ட் ஹேண்ட் ஹார்ட் டிஸ்க்,
ஆட்டோவில் மடியில் சுமந்துவந்த மானிட்டர்,
எல்லாம் சேர்ந்து
கறுப்புத் திரையில் ஒரே வரி:
சிஸ்டம் டிஸ்க்கைப் போடு, என்டர் தட்டு.

"போட்டுத்தானே கீறோம்" என்றாள் லூர்து,
பாக்கியைக் கொடுத்த பிறகும் வாசலில் நிற்கும்
தண்டல்காரனிடம் சொல்வதுபோல.

ஆன் செய்ததும் ஒரு பீப்.
ஒன்று என்றால் நலம், நீளமாய் அடித்தால் ராம் கோளாறு,
கடைக்காரர் சொல்லியனுப்பிய பல்லி சாஸ்திரம்.
ஒன்றுதான் அடித்தது.
விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது.
சிடி டிரைவ் தட்டை வெளியே நீட்டி
நாக்கைக் காட்டிவிட்டு உள்ளே போனது.

டிலீட்டை விடாமல் தட்டி
நீலப் பக்கத்துக்குள் நுழைந்து
வரிசையில் சிடியை முதலில் நிறுத்தினேன்.
லாரித் தண்ணீருக்குக் குடத்தை மாற்றி வைப்பது போலத்தான்,
யாரும் சண்டைக்கு வரவில்லை, அவ்வளவே.
மறுபடி அதே வரி.

துப்பட்டாவால் துடைத்தோம். ஊதினோம்.
செல்போன் கடை ஜலீல் தந்த
வேறு டிஸ்க்கைப் போட்டோம்.
கேஸைத் தொட்டபோது சுருக்கென்றது,
அப்புறம் ரப்பர் செருப்போடுதான் வேலை.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி கடக்கையில் மேசை நடுங்கியது,
கர்சர் மட்டும்
நின்ற இடத்தில் நின்று சிமிட்டியது.

எக்ஸ்போர்ட் கம்பெனியிலேயே இருந்திருக்கலாம்
என்று நான் சொல்லவில்லை.
அவளும் சொல்லவில்லை.
சுவரில் சாய்த்த போர்டில்
வெள்ளை பிரைமர் காய்ந்து நாலு நாள்.
லூர்து கம்ப்யூட்டர்ஸா, வல்லி டைப்பிங் சென்டரா?
பெயிண்டர் இரண்டு முறை வந்து
டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மணலி வாடை ஷட்டர் இடுக்கில் நுழைகிற நேரம்
மூடியைக் கழற்றி டார்ச் அடித்தவள்
டிரைவின் முதுகில் இருந்த ஸ்டிக்கரை
எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
ஹார்ட் டிஸ்க்கிலும் அதேபோல் ஒன்று.
இரண்டிலும் கறுப்பு ஜம்பர்
ஒரே இடத்தில் குந்தியிருந்தது.
"இன்னாடி இது, ஒரே வயர்ல ரெண்டு மாஸ்டரு!"

ஒன்றை ஸ்லேவ் ஆக்கினால் போதும் என்றேன்.
"ஸ்லேவ்னா?"
தெரியாதவள் இல்லை.
என் வாயால் வரட்டும் என்று பார்த்தாள்.
பீஸ் எண்ணிக்கை குறைந்த நாள்களில்
சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்ட பெயர்கள்
தொண்டைவரை வந்தன.
டார்ச்சை வாங்கிக்கொண்டேன்.
ஸ்டிக்கரில் மூன்றாவதாக ஒரு கட்டம்,
கேபிள் செலக்ட்.
யார் எங்கே என்பதை
வயரே பார்த்துக்கொள்ளும்.

உளுந்தைவிடச் சின்னது ஜம்பர்.
புருவம் திருத்தும் கிடுக்கிக்கு
ஒன்று ஒழுங்காக வந்தது.
இன்னொன்று எகிறிக் கோணிக்குள் விழுந்தது.
கால் மணி நேரம் தவழ்ந்தோம்.
லூர்துவின் முழங்காலில் ஒட்டியிருந்தது.

ஆன். ஒரு பீப்.
சிடியிலிருந்து தொடங்க
ஏதாவதொரு பொத்தானை அழுத்தச் சொன்னது திரை.
"எதைடி?"
"ஏதாவது."
"ஏதாவதுன்னா எது?"
சிரித்து முடிப்பதற்குள் புள்ளிகள் ஓடிவிட்டன.
பழைய ஹார்ட் டிஸ்க் தன் பங்குக்கு
என்னவோ ஒரு கோப்பைக் காணோம் என்று
வேறொரு வரியைக் காட்டியது.
பேசிவிட்டதே! அதற்கும் சிரித்தோம்.

அடுத்த முறை
நான் ஸ்பேஸ் பாரையும் அவள் என்டரையும்
சேர்ந்தே தட்டினோம்.

நீலம் வந்தது. எழுத்துகள் ஓடின.
நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால்
முப்பத்தொன்பது நிமிடம் பாக்கி என்றது.
பத்து நிமிடம் கழித்தும் முப்பத்தொன்பதுதான்.
லூர்து அத்தோ வாங்கக் கிளம்பினாள்,
முட்டை போடச் சொல்லவா என்று
தெருவிலிருந்து கேட்டாள்.

சொல் என்றேன்.
கரண்ட் போய்விடுமோ என்று
ஃபேனை நிறுத்திவிட்டு
வியர்க்க வியர்க்க
அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.