இரண்டு பந்து இடைவெளி

ஆஸ்த்ராவாவில் பனி. காற்றடைத்த கூடாரத்துக்குள்
செம்மண் ஆடுகளம் மட்டும் இன்னும் கோடையில் கிடக்கிறது.

யித்கா ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள்,
வலத்தோள் தரையில்.
முழங்கையை மடக்கி, இடக்கையால் மணிக்கட்டைக்
கீழே கீழே அழுத்துகிறாள்.
முப்பது எண்ணு என்கிறாள். எண்ணுகிறேன்.
நிறுத்தம் நிறுத்தமாக ட்ராம் ஓட்டுகிறவளிடம்
நொடிகளைத் திருட முடியாது.

இருபது வருஷம் சர்வீஸ் போட்ட தோள்
வானத்தை மறக்கவில்லை.
உள்ளே திரும்பச் சொன்னால்தான் முரண்டு.

பிறகு துண்டு. முதுகுக்குப் பின்னால்
மேலிருந்து ஒரு கை, கீழிருந்து ஒரு கை.
நடுவே பந்தை வைத்து நான் அளக்கிறேன்:
அக்டோபரில் மூன்று பந்து. இப்போது இரண்டு,
அதுவும் ரோமம் தேய்ந்த பழசு.

வாசல் நிலையில் முன்கைகளை ஊன்றி
நெஞ்சைத் திறக்கிறாள்.
உள்ளே வரவேண்டியவர்கள் மட்டையோடு
பனியில் நிற்கிறார்கள்.
நிற்கட்டும் என்கிறாள்.

இரட்டையர் ஆட்டத்தில் தோற்றோம்.
ஆறுக்கு இரண்டு, ஆறுக்கு மூன்று.

உடைமாற்றும் அறையில்
வழக்கம்போல் 'கொக்கி போடு, தாக்மர்' என்று
முதுகைத் திருப்பியவள்
'இரு' என்றாள்.
வலக்கையைப் பின்னால் விட்டாள். தடவினாள்.
மாட்டியது.

யாரும் எண்ணவில்லை.
முப்பது வரை
சும்மா நின்றோம்.