இருபத்து மூன்று தண்டு

பகலெல்லாம் நான் பிடுங்குகிறவன்.
ஓடம்போக்கியிலிருந்து பிரியும் வாய்க்காலில்
பொக்லைன் வாளியை இறக்கி
வேலம்பாசியைச் சேறும் வேருமாய் அள்ளிக்
கரையில் கொட்டுவது வேலை.
மணிக்கணக்கில் கூலி.
மேட்டூர் திறக்க ஒன்பதே நாள் என்று
ஓவர்சியர் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை சாயங்காலம்
திருவாரூரில், ஹாஜா மைதீனின் வண்ணமீன் கடையில்
ஒரு கட்டுச் செடி, நாற்பது ரூபாய்.
அடியில் ஈயப்பட்டை சுற்றியிருந்தது.
ரொட்டாலா என்றார், தண்ணீர் சொட்டச் சொட்ட.
உற்றுப் பார்த்தேன்.
கட்டுக்கு நடுவே நாலைந்து தண்டு
சத்தியமாக வேலம்பாசி.
சொல்லவில்லை. எண்ணிக் கொடுத்தேன்.

கட்டோடு மணலில் செருகினேன்.
ஈயம் பிடித்துக்கொண்டது, நின்றது.
நாலாம் நாள்
பட்டைக்குள்ளிருந்த பகுதி கறுத்துக் கூழாகித்
தலைகள் மட்டும் மேலே வந்து
கண்ணாடியோரம் ஒதுங்கின.

செங்கொடிக்குச் சிரிப்பு.
பதினைந்து வருஷம் நடவுக்குப் போனவள்.
"நகரு" என்றாள்.
வளையலை முழங்கைக்குத் தள்ளிக்கொண்டு
கட்டைவிரலால் ஒரு தண்டை ஊன்றினாள்.
கையை எடுத்தாள்.
கையோடு தண்டும் வந்தது.
மறுபடி.
மறுபடி.
"நாத்துக்கு வேர் இருக்கும்யா.
வேரே இல்லாதத எங்கேர்ந்து நடுறது?"
கோபம் தண்டின்மேல் இல்லை.
மீன் கேட்ட பிள்ளைக்கு
முதலில் புல் வாங்கி வந்தவன்மேல்.

இரவு பத்தரைக்குக் கரண்ட் போய் வந்த பிறகு
தனியே உட்கார்ந்தேன்.
கறுத்ததை நறுக்கி எறிந்தேன்.
அடிக்கணு இரண்டில் இலையைக் கிள்ளினேன்.
செல்போன் பழுது பார்க்கும் சிங்காரவேலிடம்
இரவல் வாங்கிய கொக்குமூக்குக் கிடுக்கியால்
ஒவ்வொரு தண்டாக அடிநுனியைக் கவ்வி
மணலுக்குள் சாய்த்து இறக்கினேன்,
வாளியை இறக்கும் அதே சாய்வில்.

இறக்கத் தெரியும் எனக்கு.
தெரியாதது, வெறுமனே திரும்புவது.
எங்கள் வண்டியில் இறங்கிய வாளி
நிறைந்துதான் ஏறும்.
இங்கே
மணலுக்குள்ளேயே கிடுக்கியை மெல்லத் திறந்து
நேரே தூக்காமல் பக்கவாட்டில் நகர்த்தி
எதையும் எடுத்துக்கொள்ளாமல்
வெளியே வர வேண்டும்.
மூச்சை அடக்கிக்கொண்டு வந்தேன்,
இருபத்து மூன்று தடவை.

"நெருக்கி வைக்காத, வெளிச்சம் படணும்."
படுத்தபடியே சொன்னாள்,
கண்ணைத் திறக்காமல்.

காலையில் பத்தொன்பது நின்றன.
நாலு மிதந்தன.
தூக்கி எறியக் கை போனது.
பிள்ளை விடவில்லை:
"அது பாட்டுக்கு மெதக்கட்டும்ப்பா."

எட்டாம் நாள்
மோட்டாருக்குப் பின்னால் சிக்கிக் கிடந்த ஒன்றின்
நடுக்கணுவில் வெள்ளையாய்,
தலைமுடிக் கனத்தில்,
மண்ணை ஒருநாளும் தொடாத ஒரு வேர்.
பிள்ளையைக் கூப்பிடப் போனவன்
முதலில் செங்கொடியைக் கூப்பிட்டேன்.
ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்து
குனிந்து பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
போகும்போது விளக்கைத்
தொட்டிப் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டுப் போனாள்.

மேட்டூர் திறந்துவிட்டார்கள்.
தண்ணீர் இன்னும் கல்லணை தாண்டவில்லை.
எங்களுக்குக் கடைசி நூறு மீட்டர் பாக்கி.
மத்தியானம் வாளி மேலே வந்தபோது
அதன் பல்லில் ஒரு தண்டு மாட்டி ஆடியது.
வண்டியை நிறுத்தி இறங்கினேன்.
"என்னய்யா?" என்றார் ஓவர்சியர்.
"ஏதோ சிக்கியிருக்கு சார்."

குடிக்கிற பாட்டிலில் அதைப் போட்டு
இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
கட்டு நாற்பது ரூபாய் என்றால்
இந்தக் கரை நெடுக நான் குவித்திருப்பது எவ்வளவு என்று
கணக்குப் போட்டுப் பார்த்து
பாதியில் விட்டுவிட்டேன்.