வேண்டாம் பொத்தான்

செங்கடலில் மூன்றாவது வாரம்.
புதன்கிழமை மட்டும் நாசி கோரெங்.
மற்ற நாட்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

பின்தளத்துப் பீரங்கியை கோல்கீப்பர் என்பார்கள்.
என் அண்ணன் வீப்ரனும் ஹார்லிங்கனில் கோல்கீப்பர்தான்.
பெனால்டி என்றால்
பந்து கிளம்புமுன்பே ஏதாவது ஒரு பக்கம் விழுவான்,
பாதி நேரம் தப்பான பக்கம்.
எழுந்து, முழங்கால் சேற்றைத் தட்டிக்கொண்டு
சிரிப்பான்.
இது விழாது. இதற்குப் பக்கமும் இல்லை.
ஏழு குழல், இரண்டு ரேடார், நிறைய கிரீஸ்.
கிரீஸ் வைப்பவள் நான், மண்டியிட்டு.

கீழே, சண்டை அறையில்
எனக்கென்று ஒரு பொத்தான் உண்டு.
சுடுவதற்கு இல்லை;
அந்த அனுமதியைக் காலையிலேயே கொடுத்தாகிவிட்டது.
என்னுடையது 'வேண்டாம்'.
மூடி போட்ட, ஒரே ஒரு வேண்டாம்.

அன்று புதன். தட்டு மடியில்,
விதிப்படி கூடாது.
திரையில் ஒரு பொட்டு.
"தாழ்வா ஒண்ணு வரு—" என்றான் யோரிட்.
வாக்கியம் முடிவதற்குள்
தலைக்கு மேலே யாரோ
கோணிச் சாக்கைப் போல வானத்தைக் கிழித்தார்கள்.
மூன்று விநாடி.
நாசியின் மேலிருந்த முட்டையில்
மஞ்சள் கரு உடையவில்லை.
என் விரல் அந்த மூடி வரை போனதா?
இன்னும் தெரியவில்லை.

ஒலிபெருக்கியில் கேப்டன் நன்றி சொன்னார்.
யாருக்கு என்று சொல்லவில்லை.

காலித் தோட்டாக்களை எண்ணினேன், இருநூற்றுப் பதினாறு.
மறுபடி எண்ணினேன்.
பிறகு மேல்தளத்தில், சுருட்டிய கயிற்றுக்கு இடையே
உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு.
கரி படிந்த பச்சைப் பெயின்ட்.
ஓரத்தில் மார்க்கர் பேனாவால் அரபு எண் ஒன்று,
பக்கத்தில் ஒரு சரிக்குறி.
அவசரத்தில் போட்டது,
வால் நீண்டுவிட்டது.
எங்கோ ஒரு கொட்டகையில்
திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்து
'ஆச்சு' என்று போட்டிருப்பார் ஒருவர்,
அல்லது ஒருத்தி.
என் பராமரிப்பு ஏட்டில்
பக்கத்துக்கு நாற்பது கிடக்கின்றன,
இதே வாலோடு.

தகட்டைப் பையில் போட்டு
முத்திரை வைத்துக் கொண்டுபோனார்கள்.
எனக்குக் கிடைத்தது ஒரு படிவம்.
இலக்கு. தூரம். செலவான குண்டு.
கடைசிக் கட்டம்:
மனிதத் தலையீடு, உண்டு / இல்லை.

'இல்லை'யில் சரிக்குறி போட்டேன்.
வாலை மட்டும்
குட்டையாக நிறுத்தினேன்.