நாலு குச்சி

சனிக்கிழமை விடிய ஆறு மணி.
எழுதுமட்டுவாள் வயல்வெளியில் நாங்கள் மூன்று பேர்,
ஒரு தண்ணிப் போத்தல், ஒரு கட்டுக் குச்சி,
சங்கம் தந்த படிவம்:
கூட்டு இலக்கம். முட்டை எத்தனை. உழவு எப்போது.

கிழமை நாளில் நான்
கொடிகாமத்து வங்கியில் காசு எண்ணுகிறவன்.
இங்கே எண்ணுவதற்கு முதலில் காண வேண்டும்.
ஆள்காட்டி கூடென்று ஒன்றும் கட்டாது.
மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளத்தில்
நாலு முட்டை, கூர்முனை உள்ளே பார்க்க,
மண்கட்டியோடு மண்கட்டியாய்.
இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன்.

ஜெயறூபி தாண்டமாட்டாள்.
ஆறு வருடம் முகமாலையில் முழங்காலில் நின்று
ஒரு நாளைக்கு ஒரு பாயளவு நிலம் கிண்டினவள்.
கால் வைக்க முன்னம் கண் வைக்கிறவள்.
"தம்பி, அசையாதை" என்றாள் ஒருமுறை.
ஒற்றைக் காலில் நின்றேன்.
செருப்புக்கு ஒரு சாண் தள்ளி முட்டை.
அவளுக்குச் சிரிப்பு வந்தது.
எனக்கு வரக் கொஞ்சம் நேரமெடுத்தது.

கூட்டைச் சுற்றி நாலு குச்சி நட்டோம்,
தூரத்திலேயே தெரியட்டும் என்று தலையில் சிவப்புப் பெயின்ற்.
உழவு மெசினை வரம்பில் நிறுத்தினார் கமலச்சந்திரன்.
இறங்கவில்லை.
"என்ரை காணியிலை உந்தச் சிவப்பு வேண்டாம்.
துப்பரவாக்கித் தந்தாச்செண்டு கடிதம் வச்சிருக்கிறன்.
பதினெட்டு வருசம் காத்துக் கிடந்து வந்த காணி."

ஜெயறூபி ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினாள்.
சுண்ணாம்பு கரைத்துப் பூசினோம்.
"எங்கடை வேலையிலை வெள்ளையெண்டால் கால் வைக்கலாம்.
இங்கை வைக்கக் கூடாது" என்றாள்.
"பரவாயில்லை, மெசினுக்குப் பாசை தெரியாது."

அடுத்த சனி,
ஏழு கூட்டில் மூன்று வெறும் பள்ளம்.
மெசின் இன்னும் வரவில்லை. நாய்த்தடம் இல்லை.
குச்சியின் தலையில் காக்கை எச்சம்.
இருக்கக் கதிரையும் போட்டு
வழியும் காட்டிக் கொடுத்திருக்கிறோம்.
தலைக்கு மேலே ஆள்காட்டி கத்திக் கத்தி வட்டமிட்டது.
இராத்திரியில் அது கத்தினால்
ஆரோ வருகினம் என்று மூச்சடக்கிக் கிடந்த ஊர்.
ஆளைக் காட்டுவதென்றால் என்னவென்று
இங்கே ஒருத்தருக்கும் விளக்கத் தேவையில்லை.

படிவத்தில் இழப்புக்கான காரணம் என்றொரு கட்டம்.
'காகம்' என்று எழுதினேன்.
அஜந்தன், கம்பஸில் விலங்கியல் படிக்கிறவன்,
பேனையை வாங்கி ஒரு சொல் சேர்த்தான்:
'காகம், நாங்கள்.'

பிறகு ஒரு கூட்டுக்கு ஒரே குச்சி,
வடக்கே பன்னிரண்டு எட்டுத் தள்ளி.
குச்சி பொய் சொல்லும்.
உண்மை கமலச்சந்திரன் தலைக்குள் இருக்கும்.
"எட்டெண்டால் ஆற்றை எட்டு?" என்று கேட்டார்.
ஜெயறூபியின் எட்டு சின்னது என்று
தானே நடந்து அளந்தார்.
குனிந்தார்.
"இவ்வளவுதானா."
கொஞ்சம் பொறுத்து,
"வெயில் சுடாதோ?"
"சுடும்" என்றான் அஜந்தன். "தாய் குளத்திலை
வயித்தை நனைச்சுக்கொண்டு வந்து மேலை இருக்கும்."
அவர் குளப்பக்கம் பார்த்தார்.
ஆவணிக் குளம். நடுவில் ஒரு தாம்பாளம் அளவு தண்ணீர்.

உழவன்று எனக்கு வங்கியில் நீண்ட வரிசை.
போன் அதிர்ந்தது.
"உன்ரை குச்சி ஒண்டை மாடு முறிச்சுப் போட்டுது."
எண்ணிக்கொண்டிருந்த கட்டு கையில் நின்றது.
"அதுக்கென்ன, நான் விலத்தித்தான் உழுதனான்.
அரைக் கொத்து நெல்லு நட்டம்,
எழுது உன்ரை கடுதாசியிலை."
பின்னால் மெசின் சத்தம்.
அதற்கும் மேலே, இடைவிடாமல், அது.
"கேக்குதோ?" என்றார்.
"காலமை துவங்கி என்னைத்தான் ஏசுது."